நாற்பத்தைந்து கிராம்

மெழுகுத்தாளில் சுற்றிப் பதினொன்று கொண்டுவந்தார்
யெர்னேய் கோலாரிச்.
ப்தூய் ஊர்க்காரர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர்.
"இதில் என்ன இருக்கிறதென்று சொல்லுங்கள்."
செய்தது நீங்கள்தானே என்றேன்.
"என்ன போட்டேன் என்று எனக்குத் தெரியும்.
என்ன இருக்கிறது என்பது வேறு."

உலர்ந்த பிளம்ஸ்,
தோலோடு காய்ந்த ஆப்பிள் கொஞ்சம்,
மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பூசணி விதை,
எங்கள் பக்கத்துக் கரும்பச்சை விதை.
கையிலெடுத்தால் ஈரமண் போலக் கனத்தது.

மாரிபோரில், த்ராவா ஆற்றைப் பார்த்த மூன்றாம் மாடி.
இங்கே உணவை யாரும் ருசிப்பதில்லை.
அரைக்கிறோம், உலர்த்துகிறோம்,
ஒரே ஒரு கிராமை எஃகுக் குண்டுக்குள் வைத்து
ஆக்ஸிஜனை அழுத்தி நிரப்பிக்
கொளுத்துகிறோம்.
சத்தம் வராது. புகை தெரியாது.
சுற்றியிருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீர் மட்டும்
ஒன்றே முக்கால் டிகிரி
உள்ளே நடந்ததைச் சொல்லும்.

நாற்பத்தைந்தால் பெருக்கினேன்.
நூற்று எண்பத்து நான்கு கலோரி.

"அதையே போடுங்கள்" என்றார், முகம் மலர.
முடியாது. அது தீயின் கணக்கு.
தீக்கு எல்லாம் ஒன்று:
விதையின் எண்ணெயும் எரியும்
பழத்தின் சர்க்கரையும் எரியும்
எந்தக் குடலும் உடைக்காத நாரும்
பொறுமையாக எரிந்து முடியும்.
வயிற்றுத் தீ அப்படியில்லை,
அது சோம்பேறி, மிச்சம் வைக்கும்.
ஆகவே நூற்று அறுபது.
இருபத்து நான்கு கலோரி
உங்களைக் கடந்து போய்விடும், ஐயா.

இன்னொரு தகராறு.
'சர்க்கரை இல்லை' என்று அச்சடிக்க வேண்டுமாம்.
பன்னிரண்டு கிராம் இருக்கிறது.
"நான் ஒரு கரண்டிகூடப் போடவில்லையே!"
நீங்கள் போடவில்லை, வெயில் போட்டது.
கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார்.
"வெயிலுக்கும் கணக்கு உண்டா?"
உண்டு. பிளம்ஸ் மரத்துக்கும் உண்டு.

மெக்னீசியம் ஒரு நாள் தேவையில் கால்வாசி
என்றபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
இரும்பு இருக்கிறது, ஆனால்
விதை தன் இரும்பை எளிதில் விடாது,
இறுகப் பிடித்துக்கொள்ளும்;
எலுமிச்சை பிழிந்தால் கொஞ்சம் இளகும் என்றேன்.
"முப்பது வருஷம் இரும்பை ஓட்டியவன் நான்,
அது யார் பிழிந்து இளகியது?"

பிறகுதான் அந்தக் கதை.

பிப்ரவரியில், போஹொர்யே மலையில்,
ஸ்கீப் பாதை தவறிய ஒருவன்
இரண்டு இரவு கழித்துக் கிடைத்தான்.
கையுறைக்குள் இவர் செய்த கட்டியில் பாதி,
பல்தடம் பட்டு, அளவாக, மிச்சம்.
மருத்துவர் சொன்னாராம்: காப்பாற்றியது கம்பளித் தொப்பி.
"தொப்பியாம்! தொப்பியைத் தின்ன முடியுமா?"
மேசையில் தட்டினார். தராசு நடுங்கி
பூஜ்யத்துக்குத் திரும்ப நேரமானது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
மருத்துவர் சொன்னது சரியாகவே இருக்கலாம்.
ஆனால் நாளைக்கென்று ஒருவன்
எண்பது கலோரியைத் தின்னாமல் வைத்தானே,
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
கொழுப்புக்குக் கீழேயா, உப்புக்கு மேலேயா?
என் படிவத்தில் ஏழு வரிகள்தான்.

கட்டணம் எண்பத்து நான்கு யூரோ.
எண்ணிக் கொடுத்தார், நாணயங்களாகவும் சில.
சான்றிதழை வாய்விட்டு வாசித்தார்,
'இயற்கையாகவே சர்க்கரை கொண்டது'
என்ற வரியில் மட்டும் குரல் தாழ்ந்தது.
கதவருகே திரும்பி,
"நெஜ்கா, பதினொன்றையுமா எரித்தீர்கள்?"

சோதனைக்குப் போனவை ஐந்து.
மிச்ச மாதிரிகளை அழித்துவிட வேண்டும்
என்பது விதி என்றேன். விதிதான் அது.

அன்று மாலை ஆறாம் எண் பஸ் வரவேயில்லை.
பாலத்தின் மேல் நடந்தேன், எதிர்க்காற்றில்,
பல்லிடுக்கில் பச்சையாய் ஏதோ சிக்கியிருக்க
நாக்கால் துழாவிக்கொண்டே.