நான்காவது

நடுச்சுவர் எழும்பியபோது
நான்கு சுவிட்சுகள் எங்கள் பக்கம் தங்கின.
மூன்று எங்கள் விளக்குகளுக்கு.
நான்காவது
கிணற்றடி பல்புக்கு.
கிணறு அவர்கள் பாகம்.

பத்திரத்தில் நாலு எல்லையும் எழுதினார்கள்,
தென்னை எத்தனை, வைக்கோல்போர் எந்த மூலை,
வாய்க்காலில் யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர்.
சுவிட்சை யாரும் எழுதவில்லை.

நான்கு வருஷம்
ஓர்ப்படியின் இருட்டும் வெளிச்சமும்
என் ஆள்காட்டி விரலில் இருந்தன.
அந்தியில் போடுவேன், ஒன்பதுக்கு அணைப்பேன்.
பேச்சு நின்றுபோன வீட்டில்
அது ஒன்றுதான் போக்குவரத்து.

ஒரே ஒரு நாள்,
மடை விஷயமாக இவரைக் கொழுந்தனார்
கொரடாச்சேரி கடைத்தெருவில் வைத்து ஏதோ சொன்ன அன்று,
ஏழரைக்கே தட்டினேன்.
ராட்டினம் பாதியில் நின்றது.
குடம் படியில் மோதி உருண்டது.
கோமளா வாய் திறக்கவில்லை.
பத்து எண்ணிவிட்டு மறுபடி போட்டேன்.
கரண்ட் போய் வந்தது என்று நினைத்திருப்பாள்,
என் பக்கத்து விளக்கு எரிந்துகொண்டிருந்ததை
ஓட்டிடுக்கில் பார்க்காமல் இருந்திருந்தால்.

ஐப்பசி அடைமழையில் சுவர் ஊறி
நான்காவது கடிக்கத் தொடங்கியது.
முதலில் எறும்பு மாதிரி.
பிறகு எறும்பு மாதிரி இல்லை.

கூத்தாநல்லூர் ஜபருல்லா வந்தான்.
மெயினை இறக்கினான்,
டெஸ்டரை இரண்டு முறை வைத்துப் பார்த்தான்,
துருவேறிய திருகுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருந்தான்.
பெட்டிக்குள் பல்லிமுட்டை ஓடு, மண் உதிர்ந்த குளவிக்கூடு,
இரண்டு ஒயர்.

"சுவிட்ச் வேணாம்னா ரெண்டு வழிக்கா.
பிரிச்சு டேப் சுத்திட்டா அங்க எப்பவும் எரியாது.
சேர்த்துட்டா எப்பவும் எரியும்.
நடுவுல ஒண்ணும் கிடையாது."

"நம்ம மீட்டர்லல்ல ஓடுது அது" என்றார் இவர்,
பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சேர்த்துடு" என்றேன்.

செம்பை முறுக்கினான்.
புதுப்பெட்டி வைத்து
ஓட்டையில்லாத வெள்ளைத் தகடு ஒன்றால் மூடினான்.
கூலி வாங்கும்போது இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று நாள் பட்டப்பகலிலும் எரிந்தது.
நாலாம் நாள் விடியலில்
சுவருக்கு அப்பால் சின்னதாக ஒரு டக்.
முந்தானையைச் சுற்றிப் பிடித்து
பல்பை அமுக்கித் திருப்பிக் கழற்றுகிறாள்.
அந்தியில் மறுபடி டக்.
ஒன்பதானாலும் பத்தானாலும் இனி அவள் இஷ்டம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் என் விரல் மட்டும்
பழக்கத்தில் போய்த் தகட்டில் முட்டும்.
வழவழப்பு.
திரும்பி வருவேன்.

நேற்று ஏழாகியும் சத்தமில்லை.
ஏழேகால். தவளைகள்.
திருவாரூர் ரயில் வெட்டாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போயிற்று.
தகட்டின் முன் நின்றுகொண்டு
நான்கு வருஷமாகக் கூப்பிடாத பெயரைக் கூப்பிட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு கிணற்றடியிலிருந்து,
"பல்பு போயிடுச்சு."

"எத்தனை வாட்ஸ்?" என்றேன்.