நீர் நின்ற கோடு

ஏலத்தில் பதினான்கு படங்கள்.
பன்னிரண்டில் மஞ்சள் லம்போர்கினி,
ஒன்றில் அதன் கூரைமேல் ஒட்டிய பனையோலை,
கடைசியில் யாருடையதோ கட்டைவிரல்.
ருஸ்தாவியில் விடிகாலை மூன்றரை.
கேலா ஒரு எண்ணை அழுத்தினான், நான் ஒன்று.
ஃப்ளோரிடாவில் மற்றவர்கள்
சாப்பிட எழுந்து போனார்கள் போல,
எங்களுக்கே விழுந்தது.

விவாகரத்தாகி நான்கு வருடம்.
வீடு அவனுக்கு, பிள்ளை எனக்கு,
வண்டி தூக்கும் லிஃப்ட் மட்டும் ஆளுக்குப் பாதி.
எஞ்சின் அவன். மின்கம்பி எல்லாம் நான்.

ஐம்பத்தாறு நாள் கப்பலில் கிடந்து
போத்தி துறைமுகத்தில் இறங்கியது.
ஆற்றுவெள்ளம் என்றால் சேற்றோடு போகும்.
இது புயல் தள்ளிவந்த கடல்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பதில்
மனிதரைவிடச் செம்புக்கம்பி மேல்.

கதவைத் திறந்தோம்.
பக்கத்துப் பட்டறை நாய்
எழுந்து, யோசித்து, வேறு தெருவுக்குப் போனது.
இருக்கைக்கு அடியில் குழந்தையின் நீச்சல் கண்ணாடி.
டேஷ்போர்டு பெட்டியில்
ஊறி உப்பிய கையேட்டின்மேல்
காய்ந்த நண்டு ஒன்று, நகத்தளவு,
தூக்கிய கொடுக்கை இறக்காமல்.
என் திருகாணி டப்பாவில் போட்டுவைத்தேன்.

கேலா எண்ணெயைத் திறந்தான்: பால் காபி.
பத்து சிலிண்டரிலும் டீசல் ஊற்றி
ஒன்பது நாள் தொடாமல் காத்திருந்தான்,
என்னிடம் ஒருநாளும் காட்டாத பொறுமையோடு.

நான் கம்பிக்கட்டை முழுதாய் உருவித்
தரையில் பரப்பினேன்.
முனைக்கு முனை பச்சை பூத்திருந்தது.
மகனின் பழைய பிரஷ்ஷும் ஸ்பிரிட்டுமாய்
டிசம்பர் போனது, ஜனவரி போனது.
விரல்நுனி வெடித்து
என் போனே என்னை யாரென்று கேட்டது.

பிப்ரவரியில் ஒரு மதியம் உறுமியது.
சந்தில் இருந்தவர்கள்
கையில் பாதி ரொட்டியோடு ஓடிவந்தார்கள்.
கேலா கண்ணைத் துடைத்து, வெல்டிங் புகை என்றான்.
அன்று யாரும் வெல்டிங் வைக்கவில்லை.

இரவு, சாவி என் பையில் இருக்க,
ஆளில்லாத வண்டியில்
இடது கண்ணாடி தானாய் இறங்கியது.
மூன்று வாரம் தேடினேன்.
விரிப்புக்குக் கீழே ஓர் இணைப்பு,
அதற்குள் ஒரு கல் உப்பு.
எடுத்தேன். கண்ணாடி நின்றது, ஹார்ன் தொடங்கியது.
ஹார்னைப் பிடித்தால் வைப்பர்.
தண்ணீரில் கிடந்தது
எனக்குத் தண்ணி காட்டியது.
பிறகு அதுவும் அடங்கியது,
அல்லது அடங்கினாற்போல் இருந்தது.

ஏப்ரலில் அல்மாட்டியிலிருந்து தௌரென் வந்தான்.
குதிரை வாங்குகிறவன் மாதிரி
சுற்றிவந்து, ஒதுங்கி நின்று, தடவிப் பார்த்து,
ரஷ்ய மொழியில் கேட்டான்:
"தண்ணீர் பட்டதா?"
"மழை," என்றான் கேலா.
இதற்கு முன் பதினேழு வண்டிகளுக்கு
அதே மழை பெய்திருக்கிறது.
பதினேழு தடவையும்
எனக்கு ஒரு ஸ்பேனர் தொலைந்திருக்கிறது.

இந்தத் தடவை ஸ்பேனர் கையில் இருந்தது.
முன்பெட்டியின் விரிப்பைத் தூக்கினேன்.
அங்கே மட்டும் துடைக்காமல் விட்டிருந்தேன்:
பழுப்பாய், நேராய், ஒரு கோடு.
கடலுக்கு அது கரை. எங்களுக்குக் கறை.
"இதுவரை நின்றது," என்றேன், விரல் வைத்து.
"இதற்குக் கீழே எதற்கும் சத்தியம் செய்யமாட்டேன்.
செய்த வேலையை வேண்டுமானால் காட்டுகிறேன்."

தௌரென் வெகுநேரம் குனிந்தே இருந்தான்.
நிமிர்ந்து, ஒன்பதாயிரம் டாலர் குறைத்தான்.
கேலா வெளியே போனான்.
ஒரு சிகரெட்டுக்கு மூன்று தீக்குச்சி.

மாலையில் கேட்டைத் தாண்டும்போது
இடது கண்ணாடி இறங்கியது,
ஒரு கை வெளியே வந்து அசைந்தது.
அவன் இறக்கினானா, அதுவே இறங்கியதா,
தெரியவில்லை.
"ஒரு கோட்டுக்கு ஒன்பதாயிரம்,"
என்றான் கேலா என் முதுகுக்குப் பின்னால்,
"விரல் அகலம்கூட இல்லை."
எதற்கும் இருக்கட்டுமென்று
நானும் கையை அசைத்துவைத்தேன்.