மணியை மிதிக்கும் விரல்

கிள்ளி எறிய வேண்டியதைக்
கோடரிக்கு வளர்த்தவள் நான்,
அதுவும் நகத்தையே.

நவம்பரில் ஓரத்தில் சிவப்பு.
டிசம்பரில் சாக்ஸ் ஒட்டியது.
ஜனவரியில்
இலிஜாவிலிருந்து பாஷ்சார்ஷியா வரை
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக் போட்டேன்.
எங்கள் பழைய டிராமில் மணி என்பது
காலடியில் ஒரு பொத்தான்,
பெருவிரலுக்கென்றே செய்தது.
தண்டவாளத்தில் நின்ற புறாவுக்கு
அதை அடிக்காமல் விட்டேன்.
புறா தானே பறந்தது.

மறுநாள் நின்றது புறா அல்ல,
காதில் ஒயர் மாட்டிய பையன்.
கண்ணாடியைத் தட்டினேன், கத்தினேன்,
கடைசியில் முழுக்காலால் மிதித்தேன்.
ஒரு கை தூரத்தில் வண்டி நின்றது.
அவன் திரும்பிப் பார்த்துக் கையசைத்தான்.
எனக்குக் கண் இருட்டியது.
அன்று மாலையே டாக்டர் தாமிரிடம் போனேன்.

ஊசிதான் கொடுமை.
மற்றதெல்லாம் வேறு யாருக்கோ நடந்தது.
விரலடியில் ரப்பர் வளையம்;
விரல் மெழுகாய் வெளுத்தது.
"டிராம் கட்டணம் மறுபடி ஏறுமாமே?"
என்றாள் நர்ஸ் அஸெமினா.
நான் பதில் யோசிக்கையில் இழுத்துவிட்டார்.
காட்டுங்கள் என்றேன்.
தட்டில் கொஞ்சம் ரத்தம்,
அதில் ஒரு மீன்முள் அளவு.
மூன்று மாதம் என்னை ஆண்டது
இதுவா?
இனி அந்தப் பக்கம் முளைக்காதிருக்க
ஏதோ மருந்து தடவினார்,
பள்ளிக்கூடக் கழிவறை வாடை.

நகமும் சதையும் போல என்று
நெருங்கியவர்களைச் சொல்வார்கள்.
சொன்னவர் யாரும்
நகத்தின் ஓரத்தைப் பார்த்ததில்லை.
அல்லது நன்றாகவே பார்த்திருக்கிறார்கள்.
ரெஃபிக்கோடு இருபது வருடம்
அப்படித்தான் இருந்தேன்.
அது வேறொரு நாள்.

முதல் இரவு மரப்பு விட்டது.
இதயம் கீழே இறங்கி
கட்டுக்குள் படுத்துக்கொண்டு அடித்தது.
இரண்டு தலையணைமேல் கால்.
ஜன்னலுக்கு வெளியே என் வண்டி போனது.
முனீப் ஓட்டுகிறான்,
வளைவில் எப்போதும் அவசரம்.

மூன்றாம் நாள்
துணி விரலை விடமாட்டேன் என்றது.
வாளியில் வெந்நீர், உப்பு,
அரைமணி நேரச் சமாதானப் பேச்சு.
காபியோடு வந்த மேல்வீட்டு ஸைனெபா
ஒருமுறை குனிந்து பார்த்தாள்.
காபி ஆறிப்போனது.

மகன் விட்டுப்போன செருப்பின் மூக்கை
கத்தரியால் வெட்டிப் போட்டுக்கொண்டு
பனியில் ரொட்டிக்கடை வரை நடந்தேன்.
ஊரின் கால்கள் எல்லாம்
அந்த ஒரு விரலைத் தேடி வந்தன.
பூனைகூட.

பிறகு ஒருநாள்
வலியை யோசிக்காமல் படி இறங்கியிருந்தேன்.
கீழே வந்துதான் தெரிந்தது.

இப்போது நகம் ஒடுங்கலாய் இருக்கிறது,
ஒரு கதவு கழற்றிய அலமாரி போல.
நேராக வெட்டுகிறேன்,
முனையை உருட்டுவதில்லை.

திரும்பிப்போன முதல் ஷிப்ட்,
காலை நாலு ஐம்பது,
மில்யாட்ஸ்கா ஆற்றின்மேல் மூடுபனி.
தண்டவாளத்தில் யாரும் இல்லை.
ஆனாலும் மணியை மிதித்தேன்.
வலிக்கவில்லை.
மறுபடி மிதித்தேன்.
மூன்றாம் மாடியில் ஒரு விளக்கு எரிந்தது,
யாரோ ஜன்னலைத் திறந்து
என் தாயை இழுத்துத் திட்டினார்கள்.