கழிவு நீங்கலாக

ராயக்கோட்டை மண்டியில்
நாளைக்கு நானூறு பெட்டித் தக்காளி
என் தராசில் ஏறி இறங்கும்.
பெட்டிக்கு ஒன்றரைக் கிலோ கழிவு பிடிப்பேன்.
காம்புக்கும் நசுங்கலுக்கும் என்று சொல்வது.
விற்க வந்தவர் முகத்தைப் பார்க்காமல் சொல்வது.

அந்தப் பழக்கத்தில்தான் ஓசூர்க் கடையில்
அட்டையில் அச்சிட்ட எடையை நம்பாமல்
பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்தேன்.
"மளிகையா வாங்குறீங்க, மேடம்?"
கடைக்காரர் இம்தியாஸ் சிரித்தார்.

முதல் கூடாரம், தொள்ளாயிரத்து எண்பது கிராம்.
வெங்காயத் தோல். ஊதினால் பறக்கும்.
ஆனால் தன் காலில் நிற்காது,
ஆறு மூலையிலும் முளை அடித்து இழுக்க வேண்டும்.
எங்கள் பக்கம் முளை எங்கே இறங்கும்?
நாலு விரல் மண், அதற்குக் கீழே
பெங்களூர் வரைக்கும் ஒரே பாறை.

அடுத்தது மூன்று கிலோவுக்கு மேல்.
கல்லூரிப் பையன்கள் காரில் ஏற்காட்டுக்குக் கொண்டுபோவது.
நிறமோ தக்காளி.
ஞாயிற்றுக்கிழமையுமா?

மூன்றாவது ஆயிரத்து அறுநூற்று நாற்பது.
சாம்பல் பச்சை, இரண்டு வாசல்.
கவிழ்த்த கூடை மாதிரி
அப்படியே தூக்கி வேறிடம் வைக்கலாம்.
உள்ளே போய்ப் படுத்தேன்.
என் விலாவுக்கும் துணிச்சுவருக்கும் நடுவில்
நூலை நீட்டினேன்,
களியை மூக்கிலிருந்து வாலடி வரை
முந்தின இரவு அளந்த நூல்.

களி என் நாய்.
ஆறிய கேழ்வரகுக் களியின் நிறம்.

நூல் பொருந்தியது. ஆனால்
களி நேராகப் படுக்கும் நாயா?
மூன்று சுற்றுச் சுற்றி, என்னை உதைத்து, குறுக்கே விழும்.
கடைப்பையனைக் கேட்டேன்:
"தம்பி, கொஞ்சம் சுருண்டு படு."
படுத்தான். முதுகால் ஒருமுறை தள்ளியும் காட்டினான்.
அவன் வீட்டிலும் ஒன்று இருக்கும்போல.

பிறகு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து
களிக்கு வெட்டிய நகத்தில் ஒரு துண்டை எடுத்தேன்.
தரைத்துணியின் ஓரத்தில் ஒரு கோடு.
இம்தியாஸ் பல்லைக் கடித்துக்கொண்டார்.
கோடு விழுந்தது. கிழியவில்லை.

"யானை வந்தா?" என்றார், பில் போட்டபடி.
"வந்தா மூணும் ஒரே எடைதான்" என்றேன்.

மண்டியில் வரவு எழுதும் நாகவேணி கேட்டாள்:
"ஒன்றரைக் கிலோ குறைக்க இவ்வளவு காசு.
அப்புறம் பதினாலு கிலோ நாயைப் பின்னாடி ஏத்திக்கிட்டு
மேட்டுல மிதிக்கப் போற.
அதை விட்டுட்டுப் போனா
வீட்டையே தூக்கிட்டுப் போலாமே, மாதேசு."
கணக்கு சரிதான்.
பழைய தக்காளிப் பெட்டி ஒன்றை
சைக்கிள் கேரியரில் இறுக்கிக் கட்டினேன்.

பஞ்சப்பள்ளி ஏற்றங்களில்
அத்தனை கிராமும் தொடையில் தெரிந்தது.
இறங்கித் தள்ளியபோது களியும் குதித்து இறங்கி
முன்னால் ஓடிப்போய் நின்று
ஏன் தாமதம் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தது.

அணைக்கு இப்பால் திம்மராயன் அண்ணனின் மாந்தோப்பு.
ஒன்பது வருடமாக என் தராசில்
பெட்டிக்கு ஒன்றரைக் கிலோ இழப்பவர்.
"எங்க வேணா போட்டுக்க" என்றார்.

இரவில் களி உள்ளே வரவில்லை.
நூல், பையன், நகம், எல்லாம் வீண்.
வாசலில் உட்கார்ந்து
அணைப் பக்கம் காதை விறைத்துக்கொண்டிருந்தது.
வலையை ஒரு சாண் திறந்தே வைத்தேன்.
கொசு வந்தது. பனி வந்தது.
இரண்டு மணி இருக்கும்,
ஈரத்தோடு, சேற்றோடு, என்னவோ ஒரு நாற்றத்தோடு
அதுவும் வந்தது.
மூன்று சுற்று. ஒரு உதை. குறுக்கே.
தலையை என் முழங்காலில் போட்டு அது பெருமூச்சு விட
துணிச்சுவர் லேசாக உப்பித் தணிந்தது.

காலையில் மடித்துப் பையில் திணித்து
கொக்கியில் மாட்டினேன். கை சும்மா இருக்காது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது.
முந்நூற்று முப்பது கூட.
பனி, செம்மண், முடி, மாவிலை ஒன்று,
மிச்சம் என்னவென்று தெரியவில்லை.

திம்மராயன் அண்ணன் வரப்பில் நின்று பார்த்தார்.
"கழிவு எவ்வளவும்மா?"

பெட்டியில் ஏறி உட்கார்ந்த களி
கொட்டாவி விட்டது.

"இதுக்கு இல்லண்ணா" என்றேன்,
முகத்தைப் பார்த்து.