வால்வு சாவி

ஆண்டவரே,
மணி நாலே முக்கால்.
பாப்பாரப்பட்டிக்கு முதல் பஸ் இன்னும் போகவில்லை.
தொட்டிக்குக் கீழே குத்தவைத்து
இரும்புக் குழாயில் காதை ஒட்டியிருக்கிறேன்.
ஒகேனக்கல்லில் கிளம்பியது
வந்துகொண்டிருக்கிறதா இல்லையா,
கண்ணால் பார்க்க வழியில்லை.
உள்ளே ஒரு முனகல் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.
சில நாள் கேட்கும்.
சில நாள் என் காதுக்குள் ஓடும் ரத்தத்தையே
தண்ணீர் என்று நம்பிச் சாவியைத் திருப்பியிருக்கிறேன்.

கோயிலில் முழங்காலிடும்போதும்
எனக்கு இதே சந்தேகம்தான்.

நாலு தெரு, நூற்றுப் பன்னிரண்டு குழாய்.
மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை.
கேட்டால் 'பில் போட்டாச்சு' என்கிறார் செயலர்.
நீரும் அப்படித்தான் சொல்கிறீர் என்று
போன ஞாயிறு பூசையில் நினைத்துக்கொண்டேன்,
காணிக்கைத் தட்டு என்னைத் தாண்டிப் போகும்போது.
மன்னியும். மன்னிக்காவிட்டாலும் சரி,
அந்த பில்லைக் கொஞ்சம் பாரும்.

ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று
பாலக்கோட்டுப் பக்கம் மெயின் லைனை உடைத்தார்களே,
அந்த ஒன்பது நாள் உமக்கு ஞாபகமிருக்கும்.
முதல் நாள் குடங்கள் வரிசையில் நின்றன.
மூன்றாம் நாள் குடங்களுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள்.
ஐந்தாம் நாள் கெம்பம்மா
காலிக் குடத்தை என் வாசலில் உருட்டிவிட்டுப் போனாள்.
வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.
குடம்தான் படிவரைக்கும் பேசிக்கொண்டே வந்தது.

ஆறாம் நாள் இரவு
பழைய போரின் ஸ்விட்சைப் போட்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
தெளிந்த தண்ணீர், குளிர்ந்த தண்ணீர்,
நாக்குக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.
பல்லுக்குத்தான் தெரியும்.
முட்டிக்குத் தெரியும், இருபது வருஷம் கழித்து.
என் பல்லைப் பாரும்: புளியங்கொட்டை நிறம்.
கல்யாணப் போட்டோவில்கூட
வாயை மூடிக்கொண்டே சிரித்தவன் நான்.

விடிந்ததும் தெருவெல்லாம் குடம் நிறையும் சத்தம்.
கெம்பம்மா ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தாள்.
எந்தத் தண்ணீர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.
நான் திறந்துவிட்டால்
அது நல்ல தண்ணீர்தான்.

வீட்டில் பெப்ரோனியா,
ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்த வாய்,
டம்ளரைச் சாய்த்தாள்.
விளிம்புக்கு மேலே கண் மட்டும் என்னைப் பார்த்தது.
பிடுங்கிவிட்டேன்.
அவள் அழவில்லை, ஏன்ப்பா என்று கேட்கவுமில்லை.
கையை நீட்டியபடியே நின்றாள்,
வேறு டம்ளர் வரும் என்பதுபோல.

உம்மை நம்பலாமா என்றுதான்
இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.
ஓர் ஊரின் எலும்பையெல்லாம்
என் கையில் கொடுத்துவைத்திருக்கிறீர்,
அதுவும் இந்தக் கையில்.
உமக்குப் பயமாக இல்லையா?

தெருத்தெருவாகப் போய்ச் சொன்னேன்:
நேற்று விட்டது போர் தண்ணி, குடிக்கவேண்டாம்,
துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.
கெம்பம்மா சொம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.
மோர் மட்டும் என் வயிற்றில் இருந்தது.
மூன்று நாள் வாங்கிய திட்டுகளை
நீர் எண்ணியிருந்தால் எனக்கும் சொல்லும்,
நான் பாதியில் விட்டுவிட்டேன்.

பத்தாம் நாள் குழாய் முனகியது.
அற்புதம் என்று சாட்சி சொல்லமாட்டேன்.
ஃபிட்டர் தீர்த்தகிரி இரண்டு ராத்திரி
சேற்றில் மல்லாந்து கிடந்து வெல்டிங் வைத்தான்.
உம் பெயர் அவனுக்கு அவ்வளவாகத் தெரியாது.
அவன் பெயர் உமக்குத் தெரியும் என்று
நானாக நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது பெப்ரோனியாவின் ஈறில்
அரிசி நுனிபோல ஒன்று எட்டிப் பார்க்கிறது.
அது என்ன நிறத்தில் வளரும் என்று
தருமபுரி பல் டாக்டர்கூடப் பொறுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்.
பொறுத்துப் பார்க்கிறேன்.
தினமும் அவளை ஈ என்று காட்டச் சொல்கிறேன்.

இதோ,
முனகல் மாதிரி ஏதோ.
சாவியைப் போடுகிறேன்.
ஏழு சுற்று.
மூன்றாவது சுற்றில் எப்போதும் கொஞ்சம் சிக்கும்.