விற்ற வண்டிக்கு வைத்தியம்

முன்பணம் வாங்கியாகிவிட்டது.
ஐந்நூறு வெள்ளி, நனைந்த ஐம்பதுகள் பத்து.
அவள் ஓட்டிப் பார்த்த அன்று அடைமழை.
கூரையில் கொட்டிய இரைச்சலில்
பின்சக்கரத்தின் கீச்சு அவளுக்குக் கேட்கவில்லை.
எனக்குக் கேட்டது.

நூர் ஹஸ்லிண்டா. பாலிக் பூலாவ் மருத்துவமனையில் தாதி.
தினமும் மலையேறி மலையிறங்க வேண்டும், அங்கிள்,
இரவு ஷிப்ட் முடிந்தால் விடியலில் பனிமூட்டம் என்றாள்.
நானாகவே நூறு வெள்ளி குறைத்தேன்,
உள்ளே பேசுகிற ஆளுக்குக் கொடுக்கிற காசுபோல.
அவன் வாங்கிக்கொண்டான்.
பேச்சை நிறுத்தவில்லை.

ஆகவே ஞாயிறு காலை,
ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி, கீழ்த்தளம்.
முன்சக்கரங்களுக்குச் செங்கல் அண்டக் கொடுத்து
கைப்பிரேக்கை இறக்கிவிட்டு
கஞ்சிலின் முதுகை ஜாக்கில் தூக்குகிறேன்.
இரண்டாம் மாடியில் துணி உதறியபடி லோகா
முழு புளோக்குக்கும் அறிவிக்கிறாள்:
"விற்ற வண்டிக்கு வைத்தியமா?"

டிரம் வர மறுக்கிறது.
துருவும் இரும்பும் சம்பந்தி ஆகிவிட்டன.
அதன் இரு துளைகளிலும் எட்டு எம்எம் போல்ட் நுழைத்து
இங்கே அரைச்சுற்று, அங்கே அரைச்சுற்று,
இங்கே, அங்கே,
டொக்.

உள்ளே கறுப்பு மாவு.
ஊதக்கூடாது. தெரிந்தும் உதடு குவிகிறது.
ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால்
அங்கே இருக்கிறது நான் விற்ற பொருள்:
இரண்டு தேய்பிறை.
வெட்டிப்போட்ட நகத்தின் தடிமன்தான் லைனிங்.
அடுத்த மாதம் ரிவெட் தலை நீட்டியிருக்கும்,
மலையின் எந்த வளைவில் என்பதை
நான் யோசிக்கவில்லை.
யோசித்தேன்.

ஒரு பக்கம் முடியாமல் மறுபக்கத்தைத் திறக்கக்கூடாது.
எது எங்கே என்று குழம்பினால் எட்டிப் பார்க்க
கைபடாத சக்கரம் ஒன்று வேண்டும்.
அதுவும் இடவலம் மாற்றித்தான் சொல்லும்,
புரிந்துகொள்வது உன் பாடு.

தகட்டுக்குப் பின்னே ஒரு விரல் ஊசியைத் தாங்க
முன்னே இடுக்கி கிண்ணத்தை அழுத்தித் திருப்ப
கொக்கிக்குள் போகவிருந்த ஸ்பிரிங்
காதோரம் பறந்து போனது.
தாப்பாவ் பையுடன் வந்த ஆ செங்
தலையைக் குனிந்துகொண்டார், நல்லவேளை.
கீழே இறங்கி வந்தாள் லோகா,
வைதபடியே துடைப்பத்தால் வாரி
அவருடைய மோட்டார்சைக்கிளின் அடியிலிருந்து மீட்டாள்.
கொடுக்கும்போது கேட்டாள்:
"அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டாயா?"
நான் டிரம்மைச் சுற்றிப் பார்த்தேன்.
லேசாக உரசியது. சரியான உரசல்.

மாலை மூன்றரைக்கு இரண்டு பக்கமும் முடிந்தது.
தரையில் ஒரு வாஷர் மிஞ்சியது.
வலப்பக்கத்தை மறுபடி கழற்றினேன். எல்லாம் இருந்தது.
இடப்பக்கத்தையும். எல்லாம் இருந்தது.
யாருடைய வாஷரோ,
எந்த வருடத்து வாஷரோ.
இன்னும் என் சட்டைப்பையில் கிடக்கிறது.

முப்பத்தெட்டு வெள்ளி ஷூ, ஒரு ஞாயிறு,
இரண்டு விரல்முட்டித் தோல்.
சோற்றைப் பிசையும்போதும் நகக்கண்ணில் கறுப்பு.

திங்கள் மாலை வந்தாள்.
மீதிப் பணத்தை இருமுறை எண்ணினாள்.
சாவியை வாங்கினாள். இருக்கையை முன்னால் இழுத்தாள்.
கியர் போட்டு ஆக்சிலேட்டரை மிதிக்க
பின்பக்கம் பதுங்கிக் குந்தியது வண்டி,
நகரவில்லை.
"ரோசாக்கா, அங்கிள்?"
முகம் வெளுத்திருந்தது.

கைப்பிரேக்.
முன்பெல்லாம் பதினோரு பல் இழுத்தாலும்
மறந்து ஓட்டிக்கொண்டே போகலாம்.
இப்போது ஆறாவது பல்லில் நிற்கிறது.

"தாக்," என்று சொல்லி
ஜன்னல் வழியாகக் கைவிட்டு இறக்கிவிட்டேன்.
பிடிக்கிறது, அம்மா, பிடிக்கிறது
என்பதைத் தமிழில்
எனக்குள் வைத்துக்கொண்டேன்.