இருநூற்று எண்பத்தேழாயிரத்து நானூற்றுப் பதினாறு

அந்த எண்ணில் நின்றுபோயிருந்தது மீட்டர்.
"எப்போதிலிருந்து?" என்றேன்.
இல்வா யோசித்தாள்.
"சுண்ட்ஸ்வாலில் வாசித்த கோடைக்கு முன்பா, பின்பா...
நாலு வருஷம் இருக்கும்.
அதற்குமேல் ஓடிய தூரம் எனக்கே தெரியாது."
வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
அதற்காகவே குனிந்து பார்க்கத் தொடங்கினேன்.

தானமாய் வந்த மாட்டுக்குத்தான் பல் பார்க்கக் கூடாது.
இந்தக் கிழட்டு வோல்வோ வேகனுக்கு
இருபத்திரண்டாயிரம் குரோனர் கேட்கிறாள்.
பனியில் கோணியை விரித்து
மல்லாந்து உள்ளே நுழைந்தேன்.
உப்பிட்ட சாலைகளை
உள்ளளவும் நினைத்திருக்கும் அடித்தகடு.
பின்சக்கர வளைவில் கட்டைவிரல் அகலத்துக்குத் துரு;
திருப்புளியால் குத்தினேன், இறங்கவில்லை.
வெளியே வந்து பெயிண்டின் மேல் காந்தத்தை நகர்த்தினேன்.
இடது கதவில் மட்டும் ஒட்டாமல் விழுந்தது.
"கலைமான்," என்றாள் இல்வா.
"அதற்கு ஒன்றும் ஆகவில்லை."

பின்பக்கம் தாழ்ந்திருந்தது.
பதினோரு வருஷம்
இவளுடைய டிரம்கள், ஒலிபெருக்கிகள்,
வழியெல்லாம் சண்டை போட்ட நாலு பேர்.
குழு கலைந்துவிட்டது.
சுருள்வில்கள்தான் இன்னும்
அந்தப் பாரத்திலேயே உட்கார்ந்திருந்தன.
கிளட்ச் மிதியின் ரப்பரில் வரி ஒன்றுகூட மிச்சமில்லை.
இருக்கையின் இடது விளிம்பு
ஏறி இறங்கிக் கிழிந்திருந்தது.
இதையெல்லாம் கூட்டி
மூன்றரை லட்சம் என்று மனதுக்குள் போட்டுக்கொண்டேன்.
நாலாயிரம் குறைக்கச் சொன்னேன்.
மூவாயிரம் குறைத்தாள்.
புது சுருள்வில்லுக்கு அது சரியாகப் போயிற்று.

நான் ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பவள்.
யாம்ட்லாந்தில் பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவே
மரங்களைத் தவிர யாரும் கிடையாது.
வண்டி நின்றால் நானும் நிற்க வேண்டியதுதான்.
பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்று
என்கிறது கையேடு.
எண்ண மறந்த வண்டிக்கு எது பத்தாயிரம்?

ஆனால் ஆட்டை நான் எண்ணாமல் விடுவதில்லை;
கூலியே தலைக்கு இவ்வளவு என்றுதான்.
ஒரு பண்ணைக்கு அறுபது ஆடு, போக வர இருநூற்றைம்பது.
விரல் விட்டுப் பார்த்தேன்:
எண்ணெய்க்கு இரண்டாயிரத்து நானூறு ஆடு.
பிளக்குகளுக்கு அதைப்போல் மூன்று மடங்கு.
டைமிங் பெல்ட்டுக்குப் பெரிய மந்தையாக ஒன்று.
பிரேக் திரவத்துக்கு ஆடு வேண்டாம்,
இரண்டு வருஷத்துக்கொருமுறை காலண்டர் போதும்.

ஊஸ்டர்சுண்டில் ஆண்டுச் சோதனை.
யெர்கர் மூன்றாம் முறையாக அதே எண்ணைத் தட்டிவிட்டு
நிமிர்ந்து பார்த்தான்.
"ஓடவே இல்லையா இது?"
ஸ்வெட்டரெல்லாம் ரோமம் அப்பிக்கொண்டு நின்றேன்.
"எங்கே ஓடுகிறது," என்றேன்.

மீட்டருக்குள் உடைந்தது ஒரு சின்னப் பல்சக்கரம்.
பிளாஸ்டிக், நகத்தளவு.
தபாலில் வரவழைத்தேன்.
வந்த உறையோடு டாஷ்போர்டுப் பெட்டியில் கிடக்கிறது.
ஏன் மாட்டவில்லை என்று கேட்டால்
நேரமில்லை என்பேன்.

பிப்ரவரியில், இருபத்தெட்டு பாகை உறைகுளிரில்
எஞ்சினின் முன்பக்கம் ஒரு மெல்லிய முனகல்.
பின்னிருக்கையைத் தூக்கி டார்ச் தேடியபோது
அடியில் ஒரு டிரம் குச்சி.
நுனியை எஞ்சின் மேல் ஊன்றி
அடியைக் காதெலும்பில் அழுத்தினேன்.
ஆல்டர்னேட்டர்: சுத்தம்.
பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் உருளை: சுத்தம்.
தண்ணீர் பம்ப்:
யாரோ சரளைக்கல்லை மெல்லுகிறார்கள்.

பம்பை மாற்றினேன்.
கழற்றிய கையோடு பெல்ட்டையும்,
கசியத் தொடங்காத சீலையும்.
(நாளைக்குக் கசியும் என்று அதன் முகத்திலேயே எழுதியிருந்தது.)
விரல் மரத்து ஒரு நட்டைப் பனியில் தொலைத்து
காந்தத்தை வைத்து மீட்டேன்.

பிறகு மறுபடி குச்சியைக் காதில் வைத்தேன்.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
வேலை முடிந்துவிட்டது;
கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

இல்வாவுக்குச் செய்தி அனுப்பினேன்:
உன் குச்சி ஒன்று என்னிடம் இருக்கிறது.
வைத்துக்கொள், என்று வந்தது பதில்,
ஒற்றைக் குச்சியால் நான் என்ன செய்ய?

நாளை ஹம்மர்டால். எழுபத்தோரு ஆடு.
எண்ணெய்க்கு இன்னும் இருநூற்று முப்பது.